சிலந்தியா, நரிவெங்காயமா

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போன வருஷம் எனக்கு எட்டு வயது. செஞ்சியிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய், டயாலிசிஸ் முடிந்து, துவண்டு திரும்புவான். பெற்றவர்களில் ஒருவர் கிட்னி கொடுத்தால் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டெஸ்ட்டுக்கு அம்மா மட்டும் போனாள். பொருந்தியது. யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, முடிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

சேதி கேட்டு சீயமங்கலத்திலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. வரும் வழியில் வேலிகாத்தான் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் அழுக்குப் பஞ்சு மாதிரி ஒரு சிலந்திக் கூடு. பிரித்துக் காட்டினார். பொடிக் குஞ்சுகளுக்கு நடுவில் தாயின் வெறும் தோல் கிடந்தது.

"குஞ்சிங்களே தின்னுட்ச்சிங்க. அது ஒதறக்கூட இல்லக்கா, குந்தினாப்பலயே குடுத்துட்டுது. நீயும் இப்பிடித்தான் ஆவப்போற."

உள்ளே படுத்திருந்த அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு, ரோஷம் வந்துவிட்டது. மாமாவைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கோட்டை மலையடிவாரத்தில் தோண்டி வந்த நரிவெங்காயக் கிழங்கு ஒன்று அங்கே துளிர்விட்டு நின்றது.

"ரெண்டா அரிஞ்சு, ஒரு பாதிய சுட்டு என் கால் ஆணிக்கு வெச்சி மிதிச்சேன். இந்தப் பாதி செத்தா போச்சி? தழைக்குது பாரு. உங்கக்கா பூச்சி இல்லடா, இது மாதிரி."

நைனா ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். மாமா கிழங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அப்ப நீங்க குடுங்களேன், மாமா."

நைனா குனிந்து கிழங்கைச் சுற்றி மண்ணை அணைத்தார். தோட்டத்துக் கதவருகே வந்து நின்றிருந்த அம்மாதான் பேசினாள்.

"அவரு வெயில்ல ஒழைக்கிற ஒடம்புடா. தாங்காது. வாங்க, சோறு ஆறுது."

அம்மாவும் அதே வெயிலில் நாற்று நட்டவள்தான், களை பறித்தவள்தான். அது எனக்குத் தோன்றவில்லை. நைனாவால் தாங்க முடியாததை அம்மா தாங்குவாள், அப்படியென்றால் எங்கள் வீட்டில் அம்மாதான் பலசாலி. மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.