தறிக்குழியை மூட வேண்டாம் என்றேன்

ஆரணியில் நாங்கள் குடியிருந்த பழைய மாடிக் கட்டடத்தில் நான் மேல் வீடு. எனக்கு நேர் கீழே ஒரு நெசவாளரும் அவர் மனைவியும். வீட்டுக்குள்ளேயே தரையில் குழி தோண்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து தறி நெய்பவர் அவர். தலை நரைக்கும் முன்பே குடிவந்தவர்கள் நாங்கள். கூரைப் பூச்சு சோற்றுத் தட்டில் உதிரும். மழை நாளில் சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்னும். யாரும் வாய் திறந்ததில்லை. புகார் சொன்னால் வாடகை ஏறும் என்ற பயம்.

வீட்டுக்காரப் பெரியவர் காலமானபின் கட்டடம் அவர் மகன் கைக்கு வந்தது. களம்பூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். ஒருநாள் இன்ஜினியரோடு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், போனில் படம் எடுத்தார். ஆணி அடிக்கக்கூட ஆள் அனுப்பாத குடும்பம் இப்போது எதற்கு இன்ஜினியரைக் கூட்டிவருகிறது? நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். வருவாய்த் துறையில் பத்திரங்களைப் புரட்டியே ஓய்வுபெற்றவன். யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், நடுச்செவுரு ஊறிப் போச்சு. தறிக்குழியில இருந்து தண்ணி ஏறுது. குழிய மூடி அஸ்திவாரத்த பலப்படுத்திட்டு அவங்கள மறுபடி கொண்டாந்து உட்டுடறேன். ரெண்டு மாசம்தான்."

எங்கள் ஊரில் நெசவாளர் வீட்டைக் காலி செய்யும்போதுதான் குழியை மண் போட்டு மூடுவார்கள். மூடி மெழுகியபிறகே சாவியைக் கொடுப்பார்கள். குழி திறந்திருந்தால் குடி இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் திட்டம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

சாயங்காலம் நெசவாளரும் மனைவியும் மாடிக்கு வந்தார்கள்.

"இன்னா சார் பண்றது? இவரு யோசிச்சிகினே நெய்யறாரு, இழை அறுந்துகினே கெடக்குது," என்றார் அந்த அம்மா.

"குழிய மூடினா நீங்களா காலி பண்ணதா ஆயிடும். வெளியில போனா அப்புறம் உள்ள விடமாட்டாங்க."

"அப்போ செவுரு?"

"இத்தனை வருஷம் நிக்கலையா?"

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் நெசவாளர்.

"ஆமா, படிச்சவரு. அப்படியே செவுரு கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், நின்னுகினு இருக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே அந்த அம்மா இறங்கிப் போனார்.

நான் சொன்னதில் பாதிதான் சந்தேகம். மீதி என் சொந்த பயம். கீழே வேலை முடிந்தால் அடுத்து என் வீட்டுக்கு வருவார்கள், வாடகையை உயர்த்துவார்கள். இந்த வயதில் எனக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அவர்களை அங்கேயே உட்காரவைத்து என் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டேன்.

கொத்தனார்கள் வந்தார்கள். நெசவாளர் முடியாது என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இவ்வளவு சுலபமாகப் போகிறார்களே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊற்றெடுத்தது. ஒரு காலை, இருவரும் தெருக்குழாயடியில் இருந்தபோது, நடுச்சுவர் தறியின்மேல் சரிந்தது. யாரோ வேண்டுமென்றே தண்ணீரைத் திருப்பிவிட்டார்களோ என்பதுதான் என் முதல் நினைப்பு. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நகராட்சி ஆட்கள் வந்து கட்டடத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். நெசவாளரும் மனைவியும் முள்ளிப்பட்டில் அந்த அம்மாவின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். நான் மகள் வீட்டுக்கு.

பிறகு வீட்டுக்காரரைப் பார்க்கக் களம்பூருக்குப் போனேன். இடித்துப் புதிதாகக் கட்டி முடித்ததும் நெசவாளர் குடும்பத்தையே மறுபடி குடிவைப்பதாக எழுதித் தரக் கேட்டேன். ஆலை வாசலில் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதுக்கா சார் இவ்ளோ தூரம்? அன்னிக்கே கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

சட்டம் தெரிந்த எனக்கு அன்று இதைக் கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எங்காவது ஓட்டை இருக்கும் என்று தேடினேன். இல்லை.

முள்ளிப்பட்டில் நெசவாளர் மைத்துனரின் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தாளைப் படித்துக் காட்டினேன்.

"புது வூட்ல குழி தோண்ட உடுவாரா?" என்றார் அந்த அம்மா.

அதை நான் கேட்கவில்லை.

"குழி இல்லாத வூட்ல இவரு இன்னா சார் பண்ணுவாரு?"

கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், குடித்தேன். யாருக்காக அன்று அப்படிச் சொன்னேன் என்பதை மட்டும் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.