எழுதிட்டேன் அண்ணே

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறு வாரம். ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் ஒரு தோட்டத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டம். இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள். பழைய தொழிலாளர் குடும்பங்கள் சில மட்டும் நிர்வாகத்துக்குச் சொந்தமான லயத்து வரிசை வீடுகளில் ஒண்டிக்கொண்டு, அரசாங்கம் தருவதாகச் சொன்ன வீட்டு நிலத்துக்காகக் காத்திருந்தன.

என் வேலை கருத்துக்கணிப்பு. நான் இருந்த தொழிற்சாலையை மூடிய பிறகு கிடைத்த தற்காலிக வேலை. மாநில அரசாங்கம் கொண்டுவந்த புதிய மாற்றங்களைப் பற்றி வாக்காளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு டேப்லட்டில் பதிய வேண்டும். பயிற்சியில் இரண்டு விதிகளைப் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஒரு வீட்டில் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும், அடுத்துப் பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம். கேள்வியைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது, பதிலைத் தவிர வேறெதுவும் பதியக் கூடாது. எனக்கு அந்த விதிகள் பிடித்திருந்தன. அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, பாருங்கள்.

அன்று நான் போன கடைசி வீடு அது. என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததுமே அந்த வீட்டு அக்கா உள்ளே ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல்கள், பிறப்புப் பத்திரங்கள், நனைந்து காய்ந்து மொடமொடவென்று ஆகிப்போன விண்ணப்பக் கடிதங்கள். தோட்டங்களில் இது வழக்கம். அட்டை மாட்டியவர் கொசு மருந்து அடிக்க வந்தவராக இருந்தாலும் ஃபைல் வெளியே வந்துவிடும்.

"இது விண்ணப்பம் இல்லக்கா. சும்மா கருத்து கேக்கத்தான் வந்தேன்."

"தெரியும் மா, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் நேரே கேள்விக்குப் போய்விட்டேன்.

வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். அக்காவுக்கு டிசம்பரில் பிறந்தநாள், கணவருக்கு ஜூனில். ஆக, பதில் சொல்ல வேண்டியவர் அக்கா. வீட்டு நிலத் திட்டத்தில் செய்த மாற்றங்கள் திருப்தியா என்று கேட்டேன். ரொம்பத் திருப்தி என்றார். நிலப்பட்டாவுக்கு மனு செய்வது இப்போது சுலபமாகிவிட்டதா என்று கேட்டேன். சுலபம்தான் என்றார். நான்காவது கேள்வியில் என் பக்கம் குனிந்து, "எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுருங்க மா. நாங்க கொற சொன்னோம்னு இருக்க வேணாம்" என்றார்.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"என்னா லா திருப்தி? மழ பேஞ்சா மூணு எடத்துல சட்டி வெக்கிறோம், திருப்தியாம்!"

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மூணு தடவ மனு பாரம் எழுதிக் குடுத்தாச்சு. எலெக்சன் வந்தா ஒருத்தன் வாரான், படம் புடிக்கிறான், போறான். நான் பொறந்தது இங்கதான், ரப்பர் பால் வெட்டுனதும் இங்கதான். ஒரு வீடு கட்டுற அளவு மண்ணுதான் கேட்டேன். எனக்குத் திருப்தி இல்ல. ஓட்டு எனக்குந்தானே இருக்கு? எழுதிக்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத எழுதிறாதீங்க மா. நெலப் பட்டியல்லேர்ந்து பேர எடுத்துருவாங்க."

"எழுதினியா?" என்றார் அவர்.

என் டேப்லட்டில் அவருக்கு இடமே இல்லை. அதை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எழுதிட்டேன் அண்ணே" என்றேன். சட்டென்று அடங்கிவிட்டார். "அது போதும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிரண்டு போயிருந்த அக்காவைச் சமாதானப்படுத்த, அவர் நீட்டிய கடிதத்தை என் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை அழித்தேன். இரண்டு பேர் மனதையும் குளிர வைத்துவிட்டு வந்ததாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

சில மாதங்களில் கணிப்பின் முடிவு இணையச் செய்தியில் வந்தது. முன்னாள் தோட்ட மக்களில் பெரும்பாலோர் மாநில அரசின் மாற்றங்களில் திருப்தி அடைந்திருக்கிறார்களாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தேன்.

போன வருடம், என் மகனின் ஐசி விஷயமாக ஈப்போவில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் அதே பிளாஸ்டிக் ஃபைல். நிமிர்ந்து பார்த்தால் அந்த அக்கா.

"நீங்க அந்தப் படம் புடிச்ச தங்கச்சிதானே?" என்று அவரே கண்டுபிடித்துவிட்டார்.

நிலம் கிடைத்தவர்களின் பட்டியல் வந்ததாம். லயத்தில் பலர் பெயர் இருந்தது, இவர்கள் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நிர்வாகம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது. ஈப்போவில் மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். ஏழாவது மாடி, லிஃப்ட் அடிக்கடி வேலை செய்யாது. ஒற்றைக் காலோடு அவர் கீழே இறங்கவே இல்லை. ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

"அவரு கத்துனத நீங்க எழுதிட்டீங்கள்ல, அதனாலதான் பேரு விட்டுப்போச்சு" என்றார். என்மேல் கோபமே இல்லாமல் சொன்னார். "உங்கள ஒண்ணும் சொல்லல மா. உங்க வேல அது. அவரத்தான் திட்டுனேன். சாகுற வரைக்கும் திட்டுனேன். உன் வாய்தான் நம்மள ரோட்டுல விட்டுச்சுன்னு தெனமும் சொன்னேன். ஒரு வார்த்த திருப்பிப் பேசல."

"அக்கா, நான் எழுதவே இல்ல. எழுதிட்டேன்னு அவர்கிட்ட பொய் சொன்னேன். அவர் சொன்னது எங்கயும் போகல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் சொன்னத?"

"அத எழுதினேன்."

"எல்லாம் நல்லதுன்னுதானே எழுதினீங்க?"

"ஆமாக்கா."

"அப்பறம் ஏன் மா எங்க பேரு வரல?"

அவருடைய எண்ணை அழைத்தார்கள். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அண்ணன் சொன்னதைப் பதிந்திருந்தாலும் நிலம் வந்திருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் பதிய முடியாது என்ற உண்மையை அன்றைக்கே சொல்லியிருந்தால், என்னைத்தான் திட்டித் தீர்த்திருப்பார், தன் மனைவியிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு செத்திருக்க மாட்டார். அந்த வேலையை விட்டுவிட்டேன். விட்டு என்ன ஆகப்போகிறது? அந்த லயத்தையும் இடித்துவிட்டார்களாம். அவருக்குத் திருப்தி இல்லை. யாருக்கும் இனி பயன்படாத இந்த நேரத்தில், இங்கேதான் முதல் முறையாக அதை எழுதுகிறேன்.