கதிரைக்கு முன்னால் பேசிய மொழி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவின் ஈப்போவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலமும் லத்தீனும் கற்றவன் என்பதால், பேராக் மாநிலத்தில் குடியேறியிருந்த சுமத்திரா மக்களின் பேச்சுகளை வகைப்படுத்தும் வேலைக்கு என் மேலதிகாரியான ஆங்கிலேயர் என்னைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். குடியிருப்புகள் நான்கு. ஒவ்வொன்றிலும் அதே இருநூறு சொற்களைக் கேட்டு எழுதி, எது மலாயின் கிளை, எது தனி மொழி என்று பிரிக்க வேண்டும். வேலை எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வெளிக்காட்டாமல் இருந்ததிலும் ஒரு பெருமை.

பீடோருக்கு அப்பால், ரப்பர்த் தோட்டங்களைத் தாண்டி, அந்த நான்கில் ஒன்றான மண்டைலிங் மக்களின் குடியிருப்பு இருந்தது. சனிக்கிழமைகளில் அலுவலக மோட்டாரில் போவேன். பாய் வாங்கவென்று முதல்முறை கூட வந்த என் மனைவி, பிறகு ஒவ்வொரு முறையும் வந்தாள். ஊர்த் தலைவர் எனக்குக் கூடத்தில் ஒரு கதிரை போடுவார். தாம் தரையில் அமர்வார். என் மனைவியைத் தலைவரின் மனைவி நேரே அடுப்படிக்கு அழைத்துப் போவாள். நான் கேட்ட சொற்களுக்கெல்லாம் தலைவர் தயங்காமல் விடை சொன்னார். எல்லாம் மலாய். மூன்றே சனிக்கிழமைகளில் பட்டியல் நிறைந்தது.

மோட்டார் ஓட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத் தமிழர். திரும்பும் வழியில் ஒருநாள் சிரித்தார்.

"ஐயா, நாற்காலி போட்டாச்சுன்னா மலாய்தான் வரும் லா. கவர்மெண்ட் ஆளு முன்னாடி வீட்டுப் பேச்சு பேசுனா மரியாதை இல்லன்னு நெனைப்பாங்க. நானே உங்ககிட்ட எங்க தோட்டத்துப் பேச்சா பேசுறேன்?"

"இப்ப பேசுறது பின்ன என்ன பேச்சு, தம்பி?" என்று என் மனைவி கேட்டாள்.

"அக்கா, இது டவுன் பேச்சு! தோட்டத்துப் பேச்சுல பேசுனா ஐயா வண்டிய விட்டு எறங்கிடுவாரு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அன்று மாலை அவள் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை என் மேசையில் வைத்தாள். அடுப்படியில் கேட்ட சொற்களை வாரந்தோறும் அதில் எழுதி வந்திருந்தாள். சோற்றுக்கு நான் மலாயில் 'நாசி' என்று எழுதியிருந்தேன். அவள் 'இந்தாகான்' என்று எழுதியிருந்தாள். வீட்டுக்கு என்னிடம் 'ரூமா', அவளிடம் 'பாகாஸ்'.

"இஞ்சேருங்கோ, உங்கட கதிரைக்கு முன்னால ஒரு பாஷை, அடுப்படியில வேற பாஷை. அந்தப் பொம்பிளையள் தங்களுக்குள்ள மலாய் கதைக்கிறதே இல்லை."

"தமிழெழுத்தில எழுதியிருக்கிறீர். இதில எந்த ஒலியெண்டு ஆர் கண்டது? சொன்னவையின்ர வயசு இல்லை, ஊர் இல்லை. இது ஆராய்ச்சி, சமையல் குறிப்பில்லை."

"சோறு எண்ட சொல்லைச் சோறு ஆக்கிற ஆளிட்டத்தானே கேக்க வேணும்?"

நான் கொப்பியை மூடி அவளிடமே நீட்டினேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அமைதியாக நீட்டியதால் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் என் பட்டியலில் ஒப்பமிட்டு மேலதிகாரியிடம் கொடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் மலேரியா அவளைப் பதினோரு நாளில் கொண்டுபோயிற்று.

செய்யவேண்டியவற்றையெல்லாம் முறைப்படி செய்து முடித்து அலுவலகம் திரும்பினேன். ஒரு வாரம் சென்று அவள் பெட்டியில் அந்தக் கொப்பி கிடைத்தது. சுமத்திராவில் டச்சுக்காரர் தொகுத்த மண்டைலிங் சொற்பட்டியல் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது. அதையும் கொப்பியையும் அருகருகே வைத்துப் படித்தேன். சொல்லுக்குச் சொல் பொருந்திற்று. இரண்டு தலைமுறை கடந்தும் அந்த மொழி அந்த வீடுகளில் உயிரோடு இருந்தது. அதை இல்லை என்று எழுதியவன் நான்.

மனைவியின் கொப்பியைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்லி, பட்டியலைத் திருத்தக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மனைவியை இழந்த துயரத்தில் இருக்கிறீர்கள். அதை மதிக்கிறேன். ஆனால் பட்டியலில் இருப்பது உங்கள் ஒப்பம். உங்கள் காதால் அந்த மொழியைக் கேட்டு ஐந்து சொற்கள் எழுதி வாருங்கள், மாற்றிவிடுகிறேன். திங்களன்று கையெழுத்துப் பிரதி அச்சுக்குப் போகிறது."

சனிக்கிழமை போனேன். தலைவர் கதிரையைக் கொண்டுவந்தார். வேண்டாம், தரையிலேயே உட்காருகிறேன் என்றேன். ஏதோ தவறு நேர்ந்து நான் கோபித்திருப்பதாக எண்ணி அவர் முகம் வெளிறியது. "டூடோக், துவான்," என்று கதிரையைக் காட்டி, உட்காரும்படி கெஞ்சினார். உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் நல்ல மலாய்தான் பேசுகிறோம் என்று உறுதி கூறினார். அடுப்படிக்குப் போக ஆணாகிய எனக்கு வழியில்லை.

அவர் மனைவி வாசற்படியருகே வந்து, உங்கள் மனைவி ஏன் வரவில்லை என்று மலாயில் கேட்டாள். சொன்னேன்.

அவள் உள்ளே போனாள். பலகைச் சுவருக்கு அப்பால் பெண்களின் குரல்கள் எழுந்தன, மலாய் அல்ல. நான் பென்சிலைக் கையில் எடுத்திருந்தேன் என்பதையும் எழுதியாக வேண்டும். அழுகையில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சற்றுப் பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தவள், பிழையில்லாத மலாயில் எனக்கு ஆறுதல் கூறினாள்.

திங்களன்று மேலதிகாரி கேட்டார்: "கேட்டீர்களா?"

"கேட்டேன். எழுதும் அளவுக்குத் தெளிவாக ஒரு சொல்லும் கேட்கவில்லை."

கொப்பியிலிருந்து ஐந்து சொற்களை எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் சரிபார்க்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கொப்பி என் சட்டையின் உள்பையில்தான் இருந்தது. ஆனால் அவை அவள் கேட்ட சொற்கள், நான் கேட்டவை அல்ல.

"அப்படியானால் மலாய் என்ற தலைப்பின் கீழேயே இருக்கட்டும்," என்றார்.

இருக்கட்டும் ஐயா என்றேன்.