மூன்று பேராசிரியர்கள் முன் என் வாய் திறந்த நாள்

1983 நவம்பர் மாதம். கனடாவின் மொன்றியலில் நான் படித்துக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் பதிவு அலுவலகத்தில், என் கோப்பை என் கண்ணெதிரே மூடினார்கள். டிசம்பரோடு என் ஓராண்டுப் பரிமாற்றப் படிப்பு முடிகிறது, நாடு திரும்ப வேண்டும் என்றார்கள். திரும்பிப் போக எனக்கு வீடு இல்லை.

நான் மட்டக்களப்பு. அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பமாகக் கொழும்பில் இருந்தோம். அங்கே பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி படித்தேன். அந்த யனவரியில்தான் பரிமாற்ற மாணவியாகத் தெரிவாகி மொன்றியல் வந்தேன். யூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் எங்கள் கொழும்பு வீட்டை எரித்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் தம்பியும் பின்மதிலால் குதித்துத் தப்பி, முகாமில் கிடந்து, ஒருவாறு மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் சான்றிதழ்களும் புள்ளிப் பட்டியல்களும் அலுமாரியோடு சாம்பலாயின.

அவை இருந்தால் நிரந்தர மாணவியாகச் சேர்ந்து பட்டத்தை இங்கேயே முடிக்கலாம். பழைய பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"வேறு வழி இல்லையா, மடாம்?" என்று கேட்டேன்.

அந்த அலுவலர் பெயர் மொனிக். கெட்டவர் அல்லர். "தாள் இல்லாமல் நான் என்ன செய்ய?" என்று மட்டும் சொன்னார்.

வெளியே முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றேன். அகதி விண்ணப்பம் கொடுக்கலாம், படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் 'பிறகு' எத்தனை ஆண்டு என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். யூலைக்குப் பிறகு நான் ஜெபிப்பதை நிறுத்தியிருந்தேன். ஞாயிறு ஆராதனையில் மற்றவர்கள் கண்ணை மூடும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த செல்வம் அண்ணை இருந்தார். எங்கள் ஊர்க்காரர். சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி ஜெபிப்பார்கள். அந்த வாரம் அவர் மனைவி ரூபி அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதையைச் சொல்லி முடித்ததும் அண்ணை முழங்காலில் நின்றார்.

"ஆண்டவரே, இந்தப் புள்ளைக்குப் படிக்க இடம் வேணும். அந்த ஒபிசில எங்களுக்கு ஒருத்தரையும் தெரியா. உமக்குத் தெரியும்."

அவ்வளவுதான் அவர் ஜெபம். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை வந்தது. அழுகையோடு நானும் வாய்விட்டுக் கேட்டேன். "வீட்டைத்தான் காக்கேல்ல. இதையாவது தாருமன்" என்று சண்டை பிடிப்பதுபோலக் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை விடுதித் தொலைபேசி மணி அடித்தது. மொனிக்!

"உடனே வா."

ஓடினேன். அவர் மேசையில் பழுப்பேறிய ஒரு பழைய விதிப் புத்தகம் திறந்து கிடந்தது. ஐரோப்பாவில் போர் முடிந்த காலத்தில், தாள்களை இழந்து வந்த மாணவர்களுக்காக எழுதிய விதி ஒன்று அதில் இருந்தது. அப்படிப்பட்டவர்களை வாய்மொழியாகப் பரீட்சித்துச் சேர்க்கலாம். அதைப் பின்னர் யாரும் பாவிக்கவில்லை. நீக்கவும் இல்லை.

"சனிக்கிழமை வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உன் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை" என்றார் மொனிக். "அதுதான் இன்று விடியவே வந்து தேடினேன்."

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு, மடாம்?"

"நாலு மணி இருக்கும். ஏன்?"

நாங்கள் முழங்காலில் நின்ற நேரம் அது.

பத்து நாள் கழித்துப் பரீட்சை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள். முதல் கேள்வியே கியூபெக் வட்டாரப் பேச்சுப் பிரெஞ்சில் கடகடவென்று வந்தது. விளங்கியது, ஆனால் பதில் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. மனதுக்குள் ஜெபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உரத்தே சொல்லிவிட்டேன்: "ஆண்டவரே, என்ர வாயைத் திறவும்!"

நடுவில் இருந்த வயதானவர் பேனாவை வைத்தார். "அது என்ன மொழி? என்ன சொன்னாய்?"

தமிழ் என்றேன். சொன்னதன் பொருளைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்றும் சொன்னேன். வீடு எரிந்ததை, அலுமாரியை, மூன்று கடிதங்களை, எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"சரி, உன் ஆண்டவர் வாயைத் திறந்தாரா?" என்றார் கடைசியில்.

"ஐயா, ஐந்து நிமிடமாக உங்கள் மொழியில் நான் நிறுத்தாமல் பேசுகிறேனே!"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இலக்கணம், இலக்கியம், வரலாறு என்று இரண்டு மணி நேரம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என்னை வெளியே இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்தபோது அந்த வயதானவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். மூன்றாம் ஆண்டில் இடம்!

நேரே செல்வம் அண்ணையின் ஆஸ்பத்திரிக்குப் பஸ் பிடித்தேன். அவர் துடைப்பத்தோடு முன்மண்டபத்தில் நின்றார். சொன்னதும் துடைப்பத்தைத் தலைக்குமேல் தூக்கி "அல்லேலூயா!" என்று கத்தினார். வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் தெரியாமலே ஒரு கிழவர் கைதட்டினார். நானும் தட்டினேன். வெட்கமே வரவில்லை.

பட்டம் பெற்றேன். பிறகு அப்பாவும் அம்மாவும் தம்பியும் இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்று மொன்றியலுக்கு அருகே லொங்குய்யில் புதிதாக வருகிறவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். வகுப்புக் கதவைத் திறக்குமுன் ஒரு நிமிடம் நின்று நன்றி சொல்லாமல் உள்ளே போனதில்லை.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது நாளைக்கு ஓர் அலுவலகத்தின் படியேற இருக்கலாம். போகுமுன் ஆண்டவரிடம் கேளுங்கள். அழகான வார்த்தைகள் தேவையில்லை. கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் கேட்டார்.