ஸ்பீக்கரில் அடைத்த பட்டு

விமானம் மலையில் போய் மோதுவதற்கு முன்னால் பைலட்டின் காதருகே கத்துகிற பெட்டி ஒன்று உண்டு. அந்தப் பெட்டி ஒழுங்காகக் கத்துகிறதா என்று நாளெல்லாம் உட்கார்ந்து கேட்பதுதான் என் பிழைப்பு. மேலதிகாரியின் கத்தலை மட்டும் கேட்டுச் சம்பளம் வாங்கும் தோழர்கள் என் மேல் பொறாமைப்பட வேண்டாம். நான் இரண்டையும் கேட்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் நான் படித்தது வயரிங். உலகத்தைப் படித்தது துண்டுப் பிரசுரங்களில். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சங்கச் செயலாளராக இருந்தேன். வேலைநிறுத்தம் செய்தோம், வெளியே தள்ளினார்கள், வழக்கு இன்னும் நடக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வேலை கொடுத்த ஒரே இடம் இந்தச் சோதனைக்கூடம். அதுவும் ஒப்பந்த வேலை, அதுவும் என் பழைய கதை தெரியாமல் கொடுத்தது. தெரிந்த நாளிலிருந்து மேனேஜர் என்னைத் ‘தோழர்’ என்று கூப்பிடுகிறார். அந்த வார்த்தையை அவ்வளவு கேவலமாக உச்சரிக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

நாற்காலியில் உட்கார்ந்து சாவது

முதல் நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவன் விக்டர். ஓரிக்கையில் என் தெருக்காரன், மாதா கோயிலில் கிடார் வாசிப்பவன். டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வயர், எதிரே ஒரு திரை. எங்கள் வேலை அந்தப் பெட்டியிடம் பொய் சொல்வது. நீ இவ்வளவு உயரத்தில் இருக்கிறாய், இவ்வளவு வேகமாகப் போகிறாய், மேகத்துக்குப் பின்னால் மலை இருக்கிறது என்று கம்ப்யூட்டர் வழியாக ஏமாற்றுவோம். அது நம்பிவிட்டுக் கத்த வேண்டும். கத்தினால் பாஸ்.

திரையில் மஞ்சளாக இருந்த மலை சிவப்பானது. ‘டெரெய்ன்! டெரெய்ன்! புல் அப்! புல் அப்!’ என்று ஒரு வெள்ளைக்காரக் குரல் அலறியது. மலை வந்துவிட்டது, மேலே தூக்கு என்று அர்த்தம். அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தக் குரலுக்கே நாற்காலி கவிழ, நான் கதவருகே போய் நின்றேன். தடியடியைப் பார்த்தவன் நான். அதற்குக்கூட நான் இப்படி ஓடியதில்லை. அறையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. விக்டர் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னான்: “வந்து உக்காருப்பா. சாயங்காலத்துக்குள்ள இன்னும் எத்தினியோ தபா சாவணும்.”

பைலட்டுக்குக் கண் இல்லையா

பெட்டி செய்த கம்பெனி சார்பில் ஓய்வு பெற்ற பைலட் ஒருவர் வந்தார். வெள்ளை மீசை, நல்ல மனிதர். நான் சங்கத்தில் கேட்கிற மாதிரியே கேட்டேன்: பைலட்டுக்குக் கண் இல்லையா, மலை தெரியாதா? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் கோளாறும் இல்லாத விமானத்தை, குடிக்காத, தூங்காத, நல்ல பைலட் நேராக மலைக்குள் ஓட்டிப் போனது உண்டு என்றார். மேகம், இருட்டு, கொஞ்சம் நம்பிக்கை. அவ்வளவு போதுமாம்.

சரி, இப்போதுதான் பெட்டி இருக்கிறதே என்றேன். அவர் சொன்னது அதைவிட மோசம். அந்தப் பெட்டியை நிறுத்தி வைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. சிலர் நிறுத்தியும் விடுவார்களாம். உயிரைக் காப்பாற்றுகிற பெட்டியையா என்று நான் எழுந்துவிட்டேன். மீசையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “தேவையில்லாதப்போ எல்லாம் கத்திக்கினே இருந்தா, தேவைப்படறப்போ எவன் கேப்பான் தம்பி?” மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வரைபடத்தில் இல்லாத தெரு

பெட்டிக்குள் உலகத்து மலைகளும் விமான ஓடுபாதைகளும் வரைபடமாக இருக்கின்றன. ஒருநாள் புதிதாகப் போட்ட ஓடுபாதை ஒன்றில் ஒழுங்காக இறங்குவது போலப் பொய் சொன்னோம். பெட்டி கூப்பாடு போட்டது. அதன் வரைபடத்தில் அந்த இடம் இன்னும் வெறும் பொட்டல். சரியாக இறங்குகிறவனைப் பார்த்துச் செத்தாய் என்று கத்துகிறது.

எங்கள் தெருவில் மாடி வீடு இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, அம்மன் கோயில் இருக்கிறது. தாலுகா ஆபீசுக்குப் பட்டா கேட்டுப் போனால் அங்கே தெருவே இல்லை, தரிசு என்கிறார்கள். அதற்காக நான் எழுதி அச்சடித்த பிரசுரங்களை அடுக்கினால் தாமல் ஏரிக்குக் கரை கட்டலாம். விக்டர் திரையை அணைத்துவிட்டுச் சொன்னான்: “இதுக்கு ரன்வே தெரில, தாலுகா ஆபீசுக்கு நம்ம தெரு தெரில. இதுக்காவது புது மேப்பு போடுவாங்கபா.”

பட்டு

எங்கள் பிரிவின் இன்ஜினீயர் கோமதி. பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி இன்றைக்கும் ஓடுகிறது. பெட்டியின் கத்தலைப் பற்றி நான் புலம்பினால் அவள் சிரிப்பாள். “எங்க வீட்ல தறிச் சத்தத்துலதான் அண்ணா எல்லாரும் தூங்கறோம். அது நின்னாதான் என் அக்கா பொண்ணு தூக்கத்துல எழுந்து உக்காந்துக்கும்.”

அவளாலேயே தாங்க முடியாத வாரம் ஒன்று வந்தது. காலையிலிருந்து மாலை வரை ‘புல் அப்’. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கணக்குப் பிரிவில் மனுக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் கோமதி வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கழிவுப் பட்டு நூல் கொண்டு வந்தாள். தறியில் அறுந்ததும் மிஞ்சியதும். அரக்கும் பச்சையுமாக அதை ஸ்பீக்கருக்குள் திணித்து, மேலே ஒரு துணியைக் கட்டினார்கள். குரல் பக்கத்துத் தெருக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஆனது. கத்துகிறவன் வாயை அடைப்பது முதலாளி செய்கிற வேலை, நாம் செய்யலாமா என்று நான் ஆட்சேபித்தேன். மறுநாள் என் தலைவலியும் போய்விட்டதால் ஆட்சேபணையைத் தொடரவில்லை. கணக்குப் பிரிவு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இப்பதாம்மா இது ஆபீஸ் மாதிரி இருக்குது.”

சூடு

அடுத்தது சூட்டுச் சோதனை. பெட்டியை அடுப்பு மாதிரி ஓர் அறைக்குள் வைத்துச் சூடேற்றி, வெளியே ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். அந்த நாட்களில் நான் என் வழக்குக்காக நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் பாஸ். இனி சான்றிதழ் தரும் அதிகாரி வந்து ஒருமுறை பார்ப்பார். பிறகு பெட்டியைச் சின்ன விமானம் ஒன்றில் பொருத்தி, நிஜமான மலையை நோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். பின் சீட்டில் லேப்டாப்போடு உட்காரப் போகிறவள் கோமதி. அவள் அம்மா காமாட்சியம்மனுக்குத் தினமும் நெய் விளக்கு ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

அதிகாரி வருவதற்கு முன் ஒரு ஒத்திகை. மரியாதைக்காக ஸ்பீக்கரிலிருந்து பட்டு நூலை எடுத்துவிட்டோம். பெட்டி சூடானது. பொய் சொன்னோம். திரையில் மலை சிவந்தது, ‘புல் அப்’ என்று எழுத்து வந்தது. அறையில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. விக்டர் ஸ்பீக்கரை ஒரு தட்டுத் தட்டினான். வேறு ஸ்பீக்கர் மாட்டினான். அதிலும் ஒன்றுமில்லை. சூட்டறையின் கதவைத் திறந்து விட்டோம். பெட்டி ஆற ஆற முதலில் ஒரு கரகரப்பு, பிறகு பழைய அலறல். சூடானால் அது ஊமை.

அப்படியானால் சூட்டுச் சோதனையில் எப்படிப் பாஸ் ஆனது? பட்டு அடைத்த ஸ்பீக்கரில் சத்தம் வந்ததா இல்லையா என்று யாரும் கவனிக்கவில்லை. திரையில் எழுத்தைப் பார்த்தார்கள், குரல் கேட்டது என்று குறித்துவிட்டார்கள். பொய் சொல்லவில்லை, கேட்டதாகவே நினைத்தார்கள். தறி நின்றால் குழந்தை விழிக்கிற வீட்டுப் பெண், தான் கையெழுத்துப் போட்ட சோதனைத் தாளை எடுத்துத் திரும்பப் படித்தாள். விக்டர் ஸ்பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “அப்போ இத்தினி நாளா நாம எதப்பா கேட்டோம்?”

கேட் மீட்டிங்

மேனேஜர் பதறவே இல்லை. அதிகாரிக்கு ஏசி அறையிலேயே வைத்துக் காட்டுங்கள், சூட்டுச் சோதனைதான் ஏற்கெனவே பாஸ் ஆயிற்றே, வானத்தில் எப்போதும் குளிர்தானே என்றார். நான் அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். சித்திரை வெயிலில் காலையிலிருந்து நிற்கிற விமானத்தின் வயிற்றுக்குள் இந்தப் பெட்டி இருக்கும், ஏறிய உடனே எதிரே மலை இருக்கும், இது வாயை மூடிக்கொண்டிருக்கும், பின்னால் இந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். இவளுக்காவது பகல் வெளிச்சம், நாளைக்கு மேகத்தில் போகிற ஜனங்களுக்கு என்ன இருக்கிறது என்று கத்தினேன். “தோழர், இது ஃபேக்டரி வாசல்ல போடற கேட் மீட்டிங் இல்ல” என்றார். என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

நான் விடவில்லை. கேன்டீனில் பேசினேன். கம்பெனி வேனில் வாலாஜாபாத் வரும்வரை பேசினேன். கணக்குப் பிரிவு அம்மாவிடமும் பேசினேன். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுச் சாம்பாரைப் பார்த்தார்கள். கடைசியில் கோமதியிடமே போய், கையெழுத்துப் போடுகிறவள் நீ, உட்காரப் போகிறவளும் நீ என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. பட்டு அவளுடையது; விஷயம் வெளியே போனால் முதலில் வேலை போவது அவளுக்குத்தான். “உங்க கால்ல விழறேன் அண்ணா, கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க பேசப் பேச எனக்கு ஒண்ணுமே காதுல ஏறல.”

சும்மா இருந்தது

சும்மா இருந்தேன். இதை ஒரு போராட்ட முறை என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. லத்தியை எதிர்த்து நின்ற வாய், காப்பாற்ற நினைத்த பெண்ணே மூடச் சொன்னதும் மூடிக்கொண்டது. வேனில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கேன்டீனில் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். மேனேஜர் ‘தோழர்’ என்றபோதுகூட ‘சார்’ என்றேன். விக்டர் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்: “இன்னாபா, சொரமா?”

சத்தம் எங்கே

அதிகாரி வந்த காலையில் மேனேஜர் என்னை ஸ்டோருக்குக் கேபிள் சுற்ற அனுப்பிவிட்டார். மனம் கேட்காமல், தோளில் கேபிள் சுருளோடு வந்து கதவருகே நின்றேன். ஏசி அறையில் பெட்டி அருமையாகக் கத்தியது. அதிகாரி திருப்தியாகப் பேனா மூடியைக் கழற்றினார். மேனேஜர் காபிக்கு ஆள் அனுப்பினார்.

கோமதி எழுந்தாள். “சார், இன்னும் ஒண்ணு இருக்குது” என்று பெட்டியைத் தூக்கிச் சூட்டறைக்குள் வைத்தாள். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கதவைச் சாத்தினாள். சூடு ஏறுவதற்குள், வந்த காபி ஆடை கட்டியது. திரையில் மலை சிவந்தது, எழுத்து வந்தது. அதிகாரி ஸ்பீக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “என்னம்மா, சத்தம் எங்க?” என்றார். கோமதியின் குரல் உடைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை: “வராது சார். சூடானா வராது. நாங்க பாஸ் போட்டது தப்பு.”

வேனில்

அதிகாரி பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். பெட்டி, அதைச் செய்தவர்களிடமே திரும்பிப் போனது. அதைச் சரிசெய்து, எல்லாச் சோதனையும் முதலிலிருந்து நடக்கும்வரை எந்த விமானமும் அதை நம்பிப் பறக்காது. கோமதிக்கு மெமோ வந்தது, வேலை போகவில்லை. என் ஒப்பந்தத்தைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் வேனில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு உள்ளூரப் பெருமை. விமானத்தின் வயிறு, சித்திரை வெயில் என்று நான் சொன்னதில் எது உன்னைத் தைத்தது என்று கேட்டேன். அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். “தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணா, நீங்க சொன்னது எதுவும் ஞாபகமில்ல. நீங்கதான் தினம் கத்தறீங்களே. இந்த ரெண்டு நாளா வாயத் தொறக்கல பாருங்க, அது தறி நின்ன மாதிரி இருந்துச்சு. தூக்கத்துல எழுந்து உக்காந்துட்டேன்.”

வாழ்நாளெல்லாம் மேடை போட்டு, மைக் பிடித்து, தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, வாயை மூடிய இரண்டு நாளில்தான் முழு வெற்றி கிடைத்தது என்பதை எந்தப் பிரசுரத்தில் அச்சடிப்பது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.