டாக்டரம்மா தந்த தாளும் நான் வைத்த எலும்பு சூப்பும்

இருபத்திரண்டு வருடமாகச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷினோடு குடும்பம் நடத்துகிறவன் நான். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டேன். கலர் விலகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் கண்ணில் படாது, தங்க மை சீராக ஏறியிருப்பது படும். இந்த வியாதி கடைசியில் என் நாயின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

நாய் சிப்பிப்பாறை வகை. ஒட்டிய வயிறும் எண்ணத்தக்க விலா எலும்புமாக இருப்பதுதான் அந்த வகைக்கு லட்சணம். அது எனக்குத் தெரியாது. விருதுநகரில் எங்கள் தெருவோடு போகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் சோறு பொங்குவதில்லையா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்கு மானம் போய்விடும். அதனால் வேலை முடிந்து பஸ் இறங்கியதும் எண்ணெய் பரோட்டா வாங்கிவிடுவேன். எண்ணெயிலேயே மிதந்து பொரிந்த பரோட்டா. எனக்கு இரண்டு, அதற்கு இரண்டு. சால்னாவையும் பாரபட்சமில்லாமல் பங்கு வைத்தேன்.

காலண்டர் சீசன் சூடு பிடித்திருந்த ஒரு நாள் மத்தியானம் மனைவி போன் செய்தாள். நாய் காலையிலிருந்து வாந்தி எடுக்கிறது, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்கிறது, தண்ணீர்கூடத் தங்கவில்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டுவதற்குள் நாய் செத்துப்போய்விட்டது, என் மனசுக்குள். ஆமத்தூர் வருவதற்குள் புதைக்கும் இடத்தை முடிவு செய்தேன். ஊருக்குள் நுழையும்போது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு கலரில் லேஅவுட்டே தயார்.

கால்நடை மருத்துவர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். நாய் என்ன சாப்பிடும் என்று கேட்டார். சோறும் மோரும் என்றேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பரோட்டாக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டாள். டாக்டர் ஊசியை எடுத்தார். அதைக் கண்டதும் எனக்குத் தலை சுற்றியது. என்னை வெளியே பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்து, தண்ணீர் தெளித்தார்கள். நோயாளி நாயா நானா என்று அங்கே ஆடு பிடித்துக்கொண்டு நின்றவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நான் தெளிந்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, பரோட்டாவை நிறுத்தச் சொல்லி, “நாலு நாளைக்கு இதுல உள்ளதத் தவிர ஒண்ணும் குடுக்காதீக, அண்ணாச்சி,” என்றார்.

வீட்டுக்கு வந்துதான் தாளைப் பார்த்தேன். வழுவழு ஆர்ட் பேப்பர். பாக்கெட் தீனி மூட்டை ஒன்றின் பக்கத்தில் பல்லைக் காட்டும் நாய். அந்த நாயின் மூக்கில் சிவப்பு மயிரிழை அளவுக்கு விலகியிருந்தது. அந்த மூக்கை எனக்குத் தெரியும். போன சீசனில் ஒரு தீனிக் கம்பெனி ஆர்டருக்கு நான் அடித்த தாள் அது.

டாக்டர் கம்பெனியின் ஆள் என்று நான் துள்ளிக் குதித்தேன். சதியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாயின் வயிற்றுவலிகூட ஒரு நிமிடம் மறந்துபோனது. தாளைச் சாட்சியாக வைத்து, பிரிட்ஜ் கதவில் நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினேன். மனைவி அசரவில்லை. “கல்யாணப் பத்திரிகையுந்தான் அம்புட்டு அடிக்கீக. அதுக்காக மாப்பிள்ளை நீங்களா?” என்றாள். போன் செய்து டாக்டரிடமே கேளுங்கள் என்றும் சொன்னாள். திருடனிடமே திருட்டைப் பற்றிக் கேட்பதா என்று அவளை அடக்கிவிட்டு, செல்போனில் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒருவர் நாய்க்குச் சோறு விஷம் என்றார். ஒருவர் பாக்கெட் தீனி விஷம் என்றார். மூன்றாமவர் எலும்பு சூப் அமிர்தம் என்றார். மூவரும் ஒரே உறுதியோடு பேசினார்கள். எனக்கு அமிர்தம் பிடித்திருந்தது.

ஊசியால் கொஞ்சம் தெம்பு வந்திருந்த நாய், கொழுப்பு மிதந்த ஆட்டெலும்பு சூப்பை நக்கி நக்கிக் குடித்தது. பார்த்தாயா என்று மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்ததும் மறுபடி வாந்தி. முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முனகியது. கண் மங்கியிருந்தது. இந்தத் தடவை எனக்குப் போஸ்டர் எதுவும் தோன்றவில்லை.

ஒரு கையில் நாய், மறு கையில் பிரிட்ஜிலிருந்து கிழித்தெடுத்த தாள். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, கம்பெனிச் சரக்கை விற்கத்தான் என் நாய் கிடைத்ததா என்று பொரிந்து தள்ளினேன். டாக்டர் முதலில் நாயை மேஜையில் கிடத்தி ஊசி ஏற்றி, டிரிப்ஸ் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகுதான் தாளை வாங்கினார்.

“பின்னாடி திருப்பிப் பாத்தீகளா?”

“பின்னாடி வெள்ளைங்க. ஒரு பக்கந்தான் அடிச்சோம். நாந்தான அடிச்சேன்.”

டாக்டர் தாளைத் திருப்பி நீட்டினார். நீலப் பேனாவில் குண்டு குண்டாக, தமிழில் எழுதியிருந்தது. கணையம் வீங்கியிருக்கிறது. இன்று தண்ணீர் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. நாளையிலிருந்து குழைந்த சோற்றுக் கஞ்சி, தோல் உரித்து வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி இரண்டு ஸ்பூன். எண்ணெய், கொழுப்பு, எலும்பு சூப் கூடவே கூடாது. ‘எலும்பு சூப்’ என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

கம்பெனிக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவதாகவும், பின்பக்கம் எழுத வசதியாக இருப்பதாகவும் டாக்டர் சொன்னார். கெட்டித் தாள் என்பதால் மை ஊறாதாம். அதையும் என்னிடமே சொன்னார்.

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இனிமேல் நீங்கள் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன் என்றேன்.

“கண்ண மூட வேண்டாம். சந்தேகம்னா ஏன்னு கேளுங்க. பதில் சொல்லத் தெரியலன்னா வேற டாக்டரப் பாருங்க.”

கேட்கச் சொன்னால் விடுவேனா? தயிர் ஏன் இப்போது வேண்டாம், முட்டை எப்போது, பாக்கெட் தீனி உண்மையிலேயே விஷமா, விலா எலும்பு எத்தனை தெரியலாம் என்று அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பாக்கெட் தீனி விஷமில்லை, ஆனால் இந்த வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒன்றிரண்டுக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அந்தத் ‘தெரியாது’ கேட்டபோதுதான் எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது. வீடியோக்காரர்கள் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

இரண்டு நாள் டிரிப்ஸுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். மூன்றாம் நாள் காலை கஞ்சி வைக்கலாம் என்றார் டாக்டர். மனைவி இரண்டே ஸ்பூன் அளந்து தட்டில் வைத்தாள். நாய் மோந்தது, யோசித்தது, நக்கியது. தட்டைத் தள்ளிக்கொண்டே வாசல்வரை போய் நக்கியது. பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தது. நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நானும் மனைவியும் வாந்தி வருகிறதா என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அச்சகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். அது எழுந்தது. உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்து, என் புதுச் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடியது.

பிடிக்க எழுந்த என்னை மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“விடுங்க. வேணும்னா இன்னொண்ணையும் குடுங்க.”