தும்முகிற தவளையும் ஐந்து கொக்கிகளும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாகத்தான் வரும். எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்பதும் பாதியில் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருசம் மழைக்காலத்தில் எனக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. வாய்க்கோணல் சரியாகிவிட்டது, காலும் சரியாகிவிட்டது. இடது கை விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிடவும் பல் துலக்கவும் வலது கை போதும். ஜாக்கெட் கொக்கி மாட்டத்தான் இரண்டு கையும் வேண்டும்.

மொத்தம் ஐந்து கொக்கி. தினமும் என் மருமகள் மாட்டிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மாட்டுவாள். அதனால் ஒரு கொக்கி மாறிப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவளுக்குச் சூலூரில் ஒரு கம்பெனியில் வேலை. எனக்காகப் போட்ட லீவு மாதக் கடைசியோடு முடிவதாக இருந்தது. அதற்கப்புறம் பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைத்துவிடலாம் என்று மகன் சொன்னான். நானும் தலையாட்டினேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து என் கொக்கியை மாட்டுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நைட்டி போட்டுக்கொண்டு இருங்கள் என்பார்கள். நைட்டியோடு நான் வாசல் வரைக்கும்கூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எப்படிப் போவது?

சிங்காநல்லூரில் பிசியோதெரபி செய்கிற பெண் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தாள். அமுக்கி அமுக்கி எனக்குச் சலித்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மருமகள் அவளுடைய பீரோவிலிருந்து ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். கையடக்கமாக இருந்தது. திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான். உள்ளே வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. எனக்கும் படிக்கத் தெரியாது, பட்டம் வாங்கிய அவளுக்கும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

விளையாட்டு இதுதான். பஸ்சில் ஒரு தவளை கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து சீட்டில் ஒரு வாத்து. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். தாளத்துக்குத் தாளம் தவளை இரண்டு தடவை மூச்சை இழுக்கும், மூன்றாவது அடியில் தும்மும். சரியாக அந்த அடியில் இடது கட்டை விரலால் பொத்தானை அமுக்கினால் வாத்து கைக்குட்டையை நீட்டும். தவறினால் வாத்தின் முகமெல்லாம் நனைந்துபோகும்.

ஒரு வாரம் நனைத்தேன்.

“ஏனுங்க அத்தை, வாத்துக்குச் சளி புடிச்சிரும் போலிருக்குதுங்க” என்றாள் மருமகள்.

“தண்ணியிலயே கெடக்கறதுதான அம்மணி, ஒண்ணும் ஆவாது” என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, என் கட்டை விரலைப் பிடித்துப் பார்த்தாள். விரலில் வலு வந்திருக்கிறது, நான்தான் பாட்டைக் கேட்பதே இல்லை, பாதியில் எங்கேயோ போய்விடுகிறேன் என்றாள்.

அவள் சொன்னது நிஜம். ஏன் அப்படி என்று யோசித்தபோதுதான் எனக்கே விளங்கியது. இருபது வருசத்துக்கு மேல் விசைத்தறிக் கொட்டகையில் நான்கு தறி பார்த்தவள் நான். தறி சரியாக ஓடுகிற சத்தத்தைக் காது வாங்காது. வாங்கினால் பைத்தியம் பிடித்துவிடும். எந்தத் தறியிலாவது சத்தம் பிசகினால் மட்டும் கேட்கும். கேட்டவுடன் இடது கை தானாகப் போய்க் கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தும். இந்தப் பெட்டியில் பாட்டு கொஞ்சமும் பிசகாமல் ஓடியது. எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது என்று என் காது சும்மா இருந்துவிட்டது.

இதைத் தயங்கித் தயங்கி மருமகளிடம் சொன்னேன். தறியைப் பற்றி அவளிடம் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் பெட்டியை மறுபடி திறந்து என் கையில் வைத்தாள்.

“அப்ப அது மூச்சு இழுக்குதுல்லங்க, அங்கயே தறி கெட்டுப்போச்சுன்னு வெச்சுக்கங்க அத்தை. தவளைய மறந்துபோடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டுக்கு நடுவில் தவளை மூச்சை இழுத்தது. பிசகு. இன்னொரு தடவை இழுத்தது. மூன்றாவது அடியில் என் கட்டை விரல் போய் அமுக்கிவிட்டது. நான் அமுக்கவில்லை, அதுவே போனது.

“வாத்து நனையலீங்க” என்றாள் அவள், மெதுவாக.

அன்றிலிருந்து காலையிலும் மத்தியானமும் சாயங்காலமும் விளையாடினேன். கட்டை விரலைப் பார்த்து ஆட்காட்டி விரலும் அசையத் தொடங்கியது. ஒரு நாள் குளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கொக்கியில் கை வைத்தேன். துணியை ஒரு மூச்சு இழுத்தேன், இன்னொரு மூச்சு இழுத்தேன், மூன்றாவதில் மாட்டினேன். ஒரே ஒரு கொக்கிதான் விழுந்தது. மீதி நான்கை அவள்தான் மாட்டினாள். ஒன்றை யார் மாட்டியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

லீவு முடிந்து அவள் வேலைக்குக் கிளம்புகிற திங்கட்கிழமை, நான்கு கொக்கி மாட்டிவிட்டேன். ஐந்தாவதுக்கு ஊக்கு. சேலையையும் சுற்றிக்கொண்டு வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பஸ் போயிருக்கும். வந்து என் முந்தானையை மட்டும் இழுத்துச் சரிசெய்தாள்.

“ஆள் வேண்டாமுன்னு உங்க மகன்கிட்ட நேத்தே சொல்லிப்போட்டேனுங்க அத்தை. வாரேனுங்க.”

எனக்கு ஆள் வேண்டாம் என்று அவளிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இப்போது சில நாள் ஐந்தும் விழுகிறது, சில நாள் ஊக்குதான். பூசைக்கு நடந்தே போய் வருகிறேன். அந்தப் பெட்டியில் அடுத்த விளையாட்டு ஏதோ வந்திருக்கிறது, ஒரு யானை கயிறு தாண்டுகிறது. இன்னும் பிடிபடவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்தது வாத்தா, வேறு பறவையா, நனைத்தது ஒரு வாரமா, பத்து நாளா, எனக்கு நிச்சயமில்லை. மருமகள் இதைப் படித்துத் தப்பிருந்தால் திருத்திவிட வேண்டும். கொக்கி ஐந்து என்பதை மட்டும் திருத்த வேண்டாம் கண்ணு.